பதுங்கும் கடல்!

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள நகரம் சான்பிரான்சிஸ்கோ. அங்கே 1854-ம் ஆண்டு முதல் கடல் மட்டத்தை அளந்து வருகிறார்கள்.

1980-ம் ஆண்டுக்குப் பிறகு சுமார் 30 ஆண்டுகள் ஒரு விசித்திரம் நடந்தது. பனிப்பாறைகள் உருகி, கடல்நீர் சூடேறி விரிந்து, உலகக் கடல்கள் உயர்ந்தன. இந்தக் கரையில் மட்டும் கடல் அநேகமாக ஏறவே இல்லை!

காரணம், காற்று. பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுப்பகுதியில் கிழக்கிலிருந்து மேற்கே காற்று வீசுகிறது. டவராவில் காப்பியை ஊற்றி ஊதினால், காப்பி எதிர்ப்பக்கம் ஒதுங்கும் அல்லவா? அப்படித்தான் வெதுவெதுப்பான கடல்நீர் ஆசியப் பக்கம் ஒதுங்குகிறது. இந்தக் காற்று சில பத்தாண்டுகள் வலுக்கும். சில பத்தாண்டுகள் தளரும். அது வலுத்திருந்தபோது, பிலிப்பைன்ஸ் அருகே கடல் உலக சராசரியைப்போல் சுமார் 3 மடங்கு வேகத்தில் உயர்ந்தது. ஒரு கரைக்கு லாபம், மறு கரைக்கு நஷ்டம்!

இடையிடையே 'எல் நினோ' வரும். அப்போது காற்று அடங்கும். தள்ளிய நீர் திரும்பிவிடும். 1998-ல் அப்படித்தான் நடந்தது. கடல் உயர்ந்திருந்த நேரத்தில் புயலும் சேர்ந்துகொண்டது. சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே, பசிபிகா என்ற ஊரில் கரை அரிக்கப்பட்டது. குன்றின் ஓரத்தில் குடியிருந்தவர்கள் வீடுகளை இழந்தார்கள்.

கடலோரத்தில் வீடு கட்ட அனுமதி கொடுப்பவர்கள், பத்து இருபது வருடக் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது. சான்பிரான்சிஸ்கோவின் பழைய கணக்கை முழுவதும் புரட்டினால் மேடும் பள்ளமும் தெரியும். ஆனாலும் கடந்த 100 ஆண்டுகளில் அங்கே கடல் ஏறியது, சுமார் 8 அங்குலம்!