யந்திரம் நின்ற பிறகு

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 13-ஆம் தேதி, சேலத்திலிருந்து கிளம்பிய சிறு பயிற்சி விமானம் ஒன்று ஆகாயத்தில் கோளாறு கண்டு, திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூருக்கு அருகே இறங்கியது. அதில் இருந்த இருவரும் உயிர் தப்பினர். பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரஸ்தாவில் ஆகாய விமானம் நின்றால் ஜனங்கள் கூடாமல் இருப்பார்களா? கூடினார்கள். ஆனால் செய்தி மலையேறி நெல்லியாளத்துக்கு வந்தபோது இங்கே கிளம்பிய கேள்வி வேறு. "அங்கே ரஸ்தா இருந்தது, இறங்கினான், நம் தலைக்குமேல் வரும்போது யந்திரம் நின்றிருந்தால் எங்கே இறங்குவான்?"

நியாயமான கேள்விதான். பந்தலூர், தேவாலா, சேரம்பாடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைச் சரிவு. சரிவு முடிந்தால் சோலை. சோலை முடிந்தால் பள்ளம். ரஸ்தாவிலோ நூறு கஜம் நேராகப் போனாலே ஆச்சரியம். மழைக்காலத்தில் இவை எல்லாவற்றையும் மேகம் மூடிவிடும்.

இதற்கு விடை சொல்லுமுன் பொதுவான ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். யந்திரம் நின்றால் விமானம் கல்லைப் போல் விழும் என்று பலர் நினைக்கின்றனர். விமானத்தைத் தாங்குவது இறக்கையின் மேல் ஓடும் காற்று. யந்திரம் அந்த ஓட்டத்துக்கு வேண்டிய வேகத்தைத் தருகிறது. யந்திரம் ஓய்ந்துவிட்டால், விமானி தம்மிடம் உள்ள உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாக வழங்கும் ஸெஸ்னா 172 விமானம், காற்று அசையாத வேளையில், இழக்கும் உயரத்தைப் போல் சுமார் 9 மடங்கு தூரம் சறுக்கிச் செல்லும். ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தால் ஏறக்குறைய 2¾ கிலோமீட்டர். பாங்கியில் போட்ட பணம் போலத்தான். வரவு நின்றுவிட்டது, இருப்பைக் கொண்டு காலம் தள்ள வேண்டும்.

ஆகவே ஆசிரியர் மாணவனுக்கு அடிக்கடி வைக்கும் பரீட்சை இது: பறந்துகொண்டிருக்கையில் முன்னறிவிப்பின்றி விசையைக் குறைத்துவிட்டு, "யந்திரம் நின்றுவிட்டது, இனி என்ன செய்வாய்?" என்பார். முதலில் சறுக்கும் வேகத்தைப் பிடிக்க வேண்டும். அடுத்து இறங்க ஓர் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகே நின்றதன் காரணத்தைத் தேடலாம்: எண்ணெய் வரும் டாங்கி மாறியிருக்கிறதா, மாக்னெட்டோ சரியா என்று. ரேடியோவில் அபயக் குரல் கொடுப்பது அதற்கும் பின்னர். தரையைத் தொடுமுன் எண்ணெயை அடைத்துக் கதவின் தாழை நீக்கிவிட வேண்டும். தரையை விட்டுக் கிளம்பிய சில விநாடிகளிலே யந்திரம் ஓய்ந்தால் திரும்பி விமான நிலையத்துக்கே வர முயலக்கூடாது; எதிரே கிடைக்கிற இடத்தில் இறங்க வேண்டும். திரும்பும் ஆசையால் மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு. மலைச் சரிவில் இறங்க நேர்ந்தால் மேட்டை நோக்கித்தான் இறங்க வேண்டும் என்பதும் பாடத்தில் அடக்கம். எனினும் எங்கள் ஊர்க் கேள்விக்கு மெய்யான விடை ஒன்றே: இறங்க இடமில்லாத மலைமேல், ஒற்றை யந்திர விமானத்தில், சறுக்கித் தப்பப் போதிய உயரமின்றி ஒரு மாணவன் வரவே கூடாது.

யந்திரம் ஏன் நிற்கிறது? எண்ணெய் தீர்வது, எண்ணெயில் தண்ணீர் கலப்பது, உறுப்பு முறிவது ஆகியவற்றை எவரும் ஊகிக்கலாம். விசித்திரமானது வேறொன்று. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகிறது. குறுகிய வழியில் காற்று விரைவதால் மேலும் குளிர்கிறது. வெளியே 20 டிகிரி இருக்கும் இதமான நாளிலுங்கூட, காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனிக்கட்டி படிந்து யந்திரத்தின் மூச்சை அடைத்துவிடும். நீலகிரிக் காற்றின் ஈரத்தை நாம் விவரிக்கத் தேவையில்லை. துணி உலராத வீட்டார் அறிவர். இதற்கு மருந்து, வெப்பக் காற்றை உள்ளே விடும் ஒரு பிடி. அதை இழுத்ததும் உருகிய நீர் யந்திரத்துக்குள் போவதால் சற்று நேரம் யந்திரம் முன்னிலும் மோசமாக இருமும். அநுபவமில்லாதவர் அஞ்சிப் பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார். மருந்து வேலை செய்யும் தறுவாயில் நிறுத்திவிட்ட நோயாளியின் கதைதான்! கார்புரேட்டரே இல்லாத புதுவகை யந்திரங்களில் இத்தொல்லை இல்லை.

நம் தேசத்தாரின் விமான சரித்திரத்திலும் யந்திரக் கோளாறு ஓர் அழகிய சம்பவத்துக்கு இடமளித்திருக்கிறது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். 1930-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே சென்றார். 17 வயது நிரம்பிய ஆஸ்பி எஞ்சினியர் எதிர்த் திசையில் வந்தார். எகிப்திலுள்ள அபூகீரில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். போட்டியாளரான டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்து அனுப்பினார். பரிசு ஆஸ்பிக்கே போயிற்று. அந்த வாலிபர் 1960-இல் பாரத விமானப் படையின் தலைவரானார்.

இந்தக் கதையைச் சொல்லி மகிழ்கிற நாம், கசப்பான இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நமது ஹிந்துஸ்தான் தொழிற்சாலை கட்டிய ஹெச்.பி.டி.-32 'தீபக்' என்னும் பயிற்சி விமானம் 1977-இல் முதலில் பறந்தது. அதன் யந்திரம் வெளிநாட்டது. விமானப் படையின் எத்தனையோ மாணவர்கள் அதில்தான் முதற்பாடம் கற்றனர். ஆனால் பறக்கும்போதே யந்திரம் ஓய்ந்துவிடும் நோய் அதைப் பீடித்திருந்தது. ஓய்ந்தபின் சறுக்கும் திறனும் போதாது என்று விமானிகள் குறை கூறினர். 17 விபத்துக்களில் 19 விமானிகள் இறந்தனர். 2009 ஜூலை 31-இல் மேடக் ஜில்லாவில் ஆசிரியர்கள் இருவர் மாண்ட பிறகே அவ்விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. ஸ்வதேசிப் பொருள் என்ற பெருமை நமக்கும் உண்டு. அந்தப் பெருமைக்காக 19 வீடுகள் விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பதே நம் அபிப்பிராயம். பின்னர் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து 75 பிலாட்டஸ் விமானங்கள் வாங்கப்பட்டன. அதே தொழிற்சாலை புதிதாக வகுத்த ஹெச்.டி.டி.-40, 2016 மே 31-இல் பறந்தது. 2023-இல் விமானப் படை அதில் 70 வேண்டுமென்று ஒப்பந்தம் செய்தது.

இவ்வூரில் தேயிலை பறிக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி விமானியாக வேண்டுமென்கிறாள். கீரனூர்ச் செய்தியைக் கண்ட நாள் முதல் தாயார் கூடாது என்கிறார். எம்மிடம் யோசனை கேட்க வந்தபோது, தாயாரின் அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை; பெண்ணின் ஆசையை அணைக்கவும் இல்லை. பள்ளியில் சேருமுன் நேரில் போய்க் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். விமானத்தைப் பழுது பார்க்கும் எஞ்சினியர் அங்கேயே இருக்கிறாரா? மாணவன் தனியே பறக்குமுன் யந்திரம் நின்றால் இறங்கும் பயிற்சி எத்தனை முறை தரப்படுகிறது? கோளாறு உண்டு, இன்று பறக்க மாட்டேன் என்று மாணவன் சொன்னால், அந்த நாளுக்கு அவன் பணம் இழப்பானா? சிவில் விமான இலாகாவினர் 2025-இல் விமானப் பள்ளிகளைத் தரம் பிரிக்கத் தொடங்கினர். முதற் பட்டியலில் மிக உயர்ந்த தரம் எந்தப் பள்ளிக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலையும் பார்க்கச் சொன்னோம். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் பள்ளி எதுவோ, அதில் சேர்க்கலாம் என்று தாயாரிடம் தெரிவித்தோம்.