பிரான்சைஸா, சொந்தக் கடையா?

எந்தத் தெருவை எடுத்தாலும் ஒருவராவது இருப்பார். விருப்ப ஓய்வு வாங்கியிருப்பார், பி.எஃப். பணம் வங்கியில் இருக்கும், "சாப்பாட்டுக் கடை என்றைக்கும் படுக்காது சார்" என்று யாராவது ஓதியிருப்பார்கள். அடுத்த கேள்விதான் ஆளைத் தூங்க விடாது. பெரிய கம்பெனியின் பிரான்சைஸ் எடுப்பதா, சொந்தமாக ஒரு மெஸ் போடுவதா?

பிரான்சைஸ் என்றால் போர்டு மாட்டிய அன்றே கூட்டம் வரும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த போர்டு யாருடையது?

மெக்டொனால்ட்ஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர் மெனுவைச் சுருக்கி, அடுப்படியைத் தொழிற்சாலை மாதிரி மாற்றி, 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்றார்கள். மில்க்ஷேக் மெஷின் விற்க வந்த ரே கிராக் 1955இல் அவர்கள் பெயரில் தன் முதல் கடையைத் திறந்தார். 1961இல் 27 லட்சம் டாலர் கொடுத்துப் பெயர் உட்பட எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். பழைய கடை மட்டும் அண்ணன் தம்பியிடமே இருந்தது. ஆனால் அதில் தங்கள் சொந்தக் குடும்பப் பெயரை மாட்ட முடியாமல் 'தி பிக் எம்' என்று மாற்றினார்கள். கிராக் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸைத் திறந்தார். பிக் எம் மூடப்பட்டது. பெயரை உண்டாக்கியவர்களுக்கே இந்த கதி!

இந்தியாவிலும் நடந்தது. 1996இல் டெல்லியில் முதல் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது விக்ரம் பக்ஷி சரிபாதிப் பங்காளி. 2013இல் தகராறு. 2017 ஜூனில் உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் டெல்லியில் 43 கடைகள் மூடப்பட்டன. ஆகஸ்டில் 169 கடைகளுக்கான ஒப்பந்தத்தையே கம்பெனி ரத்து செய்தது. 2019இல் பக்ஷி பங்கைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அவருக்காவது ஆறு வருடம் வழக்கு நடத்தத் தெம்பு இருந்தது. பி.எஃப். பணத்தில் ஒரே ஒரு கடை எடுத்தவர் என்ன செய்வார்? போதாக்குறைக்கு, ராயல்டியைப் பெரும்பாலும் விற்பனையின் மேல்தான் கணக்கிடுவார்கள், லாபத்தின் மேல் அல்ல. கடை நஷ்டத்தில் ஓடும் மாதத்திலும் கட்டியாக வேண்டும்.

அதற்காகச் சொந்தக் கடை சொர்க்கம் என்று அர்த்தமில்லை. மாஸ்டர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனால் மறுநாள் சாம்பார் வேறு சாம்பார்! பிரான்சைஸ் விற்பதே இந்தத் தலைவலிக்கான மருந்தைத்தான்: யார் சமைத்தாலும் ஒரே ருசி. இடப் பிரச்சினையும் உண்டு. சென்னையில் 1962 முதல் ஓடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், நிலம் சொந்தமில்லாததால் 2008இல் மூட வேண்டியதாயிற்று. அந்த இடத்தில்தான் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். போனது இடம் மட்டும்தான், உட்லண்ட்ஸ் என்ற பெயர் ராதாகிருஷ்ணன் சாலையில் தொடர்ந்து சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. பிரான்சைஸ் எடுத்தவருக்கு ஒப்பந்தம் முடிந்த மறுநாள் மிஞ்சுவது மேசை நாற்காலியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான்.

எனவே அடுப்படியில் நிற்கத் தெரிந்தவர், அதாவது மாஸ்டர் வராத நாளில் தானே கரண்டி பிடிக்கக்கூடியவர், சொந்தக் கடைதான் போட வேண்டும். பணம் முழுவதையும் கொட்டாமல், பத்து நாற்காலியோடு மதியச் சாப்பாடு மட்டும் என்று ஆரம்பித்தால் போதும். கூட்டம் சேர ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகட்டுமே, சேர்கிற பெயர் அவருடையது.

அடுப்படிப் பக்கமே போகாதவர் என்றால்? பிரான்சைஸ்கூட வேண்டாம். பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு, வட்டியில் மாதம் ஒரு முறை குடும்பத்தோடு போய் பர்கர் சாப்பிட்டு வரலாம்.