சூடு யாருக்கு: நுரைக்கா, தாடிக்கா?



சித்திரை மாதத்து ஞாயிறு. சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளம். பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. ஆகவே முடிதிருத்தும் கடையில் கூட்டம். வெளியே கரிசல் மண் தகிக்கிறது. நிழலிலேயே 38 டிகிரி செல்சியஸ் இருக்கும். கடைக்காரர் ஒருவருக்கு முகமெல்லாம் நுரை பூசிவிட்டு, பாதியில் நிற்கும் இன்னொருவரை முடிக்கப் போகிறார். திரும்பி வந்து நுரையைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு அண்ணாச்சி, கத்தி இழுக்கும்" என்கிறார். நுரைக் கிண்ணத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு மறுபடி பூசுகிறார்.

உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். காற்றே 38 டிகிரி இருக்கும்போது நுரை எப்படிக் குளிர்ந்தது?

மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ, அப்படித்தான். நுரையிலுள்ள நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை நுரையிடமிருந்தும் கன்னத்திடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நம் கரிசல் பூமியின் வறண்ட காற்றும், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும் இந்த வேலையை விரைவாக்குகின்றன.

சற்றுக் கணக்குப் போடுவோம். முகத்தில் பூசிய நுரை 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி நீர்தான். கிண்ணத்திலிருந்து எடுக்கும்போது அதன் வெப்பநிலை 45 டிகிரி, முகத்தோல் 34 டிகிரி. அந்த 11 டிகிரி வேறுபாட்டுக்காக நுரை சுமந்து வருவது 55 கலோரி. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அப்படியானால் 0.1 கிராம், அதாவது இரண்டு துளி நீர் ஆவியானால் போதும். வெந்நீர்ச் சட்டி கொடுத்த சூடு முழுவதும் போய்விடும்! தேநீர்க் கடையில் டம்ளருக்கு டம்ளர் இழுத்து ஆற்றுகிறாரே, அவருக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கமாகவே தெரியும்.

கிண்ணத்தில் திரளாக இருக்கும்வரை நுரை சூட்டை ஓரளவு காக்கும் என்பதும் உண்மையே. குமிழ்களில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. 19ஆம் நூற்றாண்டில் மேல்நாடுகளில் இதற்கென்றே, உள்ளே வெந்நீர் ஊற்றி மேல்தட்டில் சோப்பு வைக்கும் குவளைகள் செய்தார்கள். உதகமண்டலத்து மார்கழிக் காலையில் அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் கன்னத்தில் மெல்லிய பூச்சாகப் பரவியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

ஆகவே என் கருத்து இது: அந்த வெந்நீரை நுரைக்குச் செலவிடுவது வீண். அது தாடிக்குப் போகட்டும். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் பலவற்றை நீர் தளர்த்திவிடும். வெதுவெதுப்பான நீர் இன்னும் விரைவாக உள்ளே புகும். நன்கு ஊறிய முடியை வெட்ட, உலர்ந்த முடிக்கு வேண்டியதைவிட மிகக் குறைந்த விசையே போதும். வெந்நீரில் பிழிந்த துணியை இரண்டு மூன்று நிமிடம் தாடியில் ஒற்றி வைத்தால் போதுமானது. சோப்பின் வேலை வேறு. முடிமேல் உள்ள எண்ணெய்ப்பசையை அகற்றி நீருக்கு வழிவிடுவது, ஊறிய நீர் உலராமல் காப்பது, கத்தி வழுக்கிச் செல்ல உதவுவது. அண்ணாச்சியின் கன்னத்தில் கத்தி இழுத்தது நுரை ஆறியதால் அல்ல, உலர்ந்ததால். ஈர பிரஷ்ஷால் ஒருமுறை தடவியிருந்தாலே சரியாகியிருக்கும். நுரை பூசிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போகாமல் இருந்திருந்தால் அதுகூட வேண்டியிருக்காது.

நான் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் சம அளவு சூடான நுரை எடுங்கள். ஒன்றைத் தட்டால் மூடுங்கள். மற்றதை விசிறிக்குக் கீழே திறந்து வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பாருங்கள். பள்ளி ஆய்வகத் தராசு கிடைத்தால் முதலிலும் முடிவிலும் எடை போட்டு, எவ்வளவு நீர் போயிற்று என்று கண்டுபிடியுங்கள்.

வெந்நீர்ச் சட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்து, அதில் முக்கிய கத்தி தூய்மையாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் ஹெபடைடிஸ்-பி வைரஸ் சாகாது. உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூட, அது குறைந்தது ஏழு நாள் வீரியத்தோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக. உங்களில் சிலர் இந்த ஆண்டுதான் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். "அண்ணாச்சி, புது பிளேடு மாட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். உறையைப் பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள். எல்லோர் கன்னத்திலும் உருண்டு வந்த படிகாரக் கட்டியை எடுத்தால், அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது இரத்தக் கசிவை நிறுத்தும்; வைரஸைக் கொல்லும் என்று நம்ப முடியாது.