பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

அம்பத்தூர்வாசிகளாகிய எங்களுக்கு முகவரி என்றாலே ஒரு சிக்கல்தான். 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018-இல் வட்டமும் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்திற்கு மாறியது. வீடு இருந்த இடத்திலேதான் இருக்கிறது. ஆனால் பழைய சான்றிதழில் ஒரு மாவட்டம், புதிய சான்றிதழில் மற்றொரு மாவட்டம்! இரண்டும் ஒத்துவராவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடுகிறது.

கணிப்பொறிக்கும் இதே கதி நேரும் என்பதை இவ்வாண்டு கண்டேன். ஆசிரியரின் அனுமதியோடு லினக்ஸ் கணிப்பொறி ஒன்றிற்கு நான் புதுப்பெயர் சூட்டினேன். மறுநாள் முதல் 'சூடோ' கட்டளை கொடுக்கும்போதெல்லாம் அது சற்று நேரம் திகைத்து நின்று, 'இப்பெயரைக் கண்டறிய இயலவில்லை' என்று ஆங்கிலத்தில் புலம்பியது. "வைரஸ்தான், ஃபார்மேட் செய்துவிடலாம்" என்றனர் நண்பர்கள். அதிலோ மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவரின் செய்திட்டம் முழுவதும் இருந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

காரணம் மிக எளியது. கணிப்பொறியின் பெயர் 'ஹோஸ்ட்நேம்' என்னும் கோப்பில் இருக்கிறது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பில் இருக்கிறது. முன்னதை மாற்றிய நான் பின்னதை மறந்துவிட்டேன். தன் புதுப்பெயரைத் தன் ஏட்டிலேயே காணாத கணிப்பொறி, வெளியே உள்ள பெயர்ச் சேவையகத்தைக் கேட்டுக் காத்திருந்தது. அதற்கும் தெரியவில்லை. தாமதம் அதனால்தான்.

127.0.1.1 என்று தொடங்கும் வரியில் பழைய பெயரை நீக்கிப் புதியதை எழுதினேன். நம் பெயருக்கு முன்னால் தந்தையாரின் எழுத்து வருவதுபோல், கணிப்பொறியின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துக் களப்பெயர் வரும். அவ்வரியில் களப்பெயரோடு கூடிய முழுப்பெயரை முதலிலும், குறும்பெயரை அடுத்தும் எழுத வேண்டும். 'ஹோஸ்ட்நேம் -எஃப்' என்று கேட்டேன். முழுப்பெயரைத் தயங்காமல் சொல்லிற்று. திருத்தியது ஒரே ஒரு வரி!

இந்த 'ஹோஸ்ட்ஸ்' கோப்பிற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையிலிருந்த கணிப்பொறிகள் அனைத்தின் பெயரும் கலிஃபோர்னியாவில் ஒரே கோப்பில் காக்கப்பட்டன. அப்பணியை எலிசபெத் ஃபெய்ன்லர் தலைமையிலான குழு செய்துவந்தது. வலை பெருகப் பெருக ஒரே ஏடு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறையை வகுத்தார். அப்பழைய ஏட்டின் வழித்தோன்றல்தான் இன்றும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் இருக்கிறது.

என் தந்தையார் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். எந்திரம் முரண்டினால் அவர் அதைக் கழித்துக் கட்டச் சொல்வதில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுகொடுத்துக் கேட்பார். கல்லூரி வாசலை மிதிக்காத அவருக்குத் தெரிந்த இம்முறையைப் படிக்க வந்த நாம் கைவிடலாமா? ஃபார்மேட் செய்தால் குறையோடு பாடமும் அழிந்துபோகிறது.

என்னைப் போல் வீட்டிற்கு முதல் பட்டதாரியாக வருபவர்கள் இங்குப் பலர். கெட்டுவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சத்தால் விசைப்பலகையைத் தொடவே தயங்குகிறோம். ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கணிப்பொறிகள் இரண்டை, கெடுத்துப் பழகவும் திருத்திப் பழகவும் எங்களிடம் விட்டுவிடுங்கள். அருகில் ஒரு நோட்டும் இருக்கட்டும். குறை, காரணம், தீர்வு ஆகியவற்றை நாங்களே அதில் எழுதி வைக்கிறோம். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர் அந்த நோட்டிலிருந்து தொடங்கட்டும்!