பந்தயக் குதிரையும் சாதி ரத்தமும்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. 1824ல் பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம். எல்லை தாண்டினால் பெங்களூரு ரேஸ்கோர்ஸ். அங்கே ஓடுகிற தரோபிரெட் குதிரை ஒவ்வொன்றுக்கும் வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பெரிய பெயர் டார்லி அரேபியன். 1704ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஆண் குதிரை.

இன்றைய தரோபிரெட் ஆண் குதிரைகளில் சுமார் 95 சதவீதம், அப்பன் வழியில் பின்னோக்கிப் போனால் அதனிடம்தான் போய் நிற்கும். ஆகா, என்ன ரத்தம்! கொஞ்சம் பொறுங்க. அப்பன், அம்மா இரண்டு பக்கத்தையும் சேர்த்து டப்ளின் ஆய்வாளர்கள் 2001ல் கணக்குப் போட்டார்கள். டார்லியின் பங்கு வெறும் 6.5 சதவீதம். மிச்சமெல்லாம் வேறு குதிரைகள். அதில் எத்தனையோ பெட்டைகளுக்குப் பெயர்கூட இல்லை. அப்பன் பெயரை மட்டும் எண்ணினால் அப்பனே எல்லாம் என்றுதான் தெரியும். இத்தனைக்கும் தரோபிரெட்டே ஒரு கலப்பினம். கீழை நாட்டு ஆண் குதிரைகளையும் இங்கிலாந்துப் பெட்டைகளையும் சேர்த்து உண்டாக்கியது.

நம்ம ஊர் மீசைக்காரர்கள் ‘எங்க ரத்தம்’ என்று சொல்வதும் இதே அரைக் கணக்குதான். 2018ல், ஓசூர்ப் பக்கம், சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட இளம் ஜோடியைக் கொன்று காவிரியில் வீசினார்கள். சிப்காட்டில் ஐந்து மொழிக்காரர்கள் ஒரே ஷிப்டில் நிற்கலாம், வேலை நடக்கும். வீட்டுக்குள் வந்தால் மட்டும் ரத்தம் கெட்டுவிடுமாம்.

குதிரைக்கே செல்லாத கணக்கு இது. இதை வைத்துத்தான் பெற்ற பிள்ளைகளைக் கொல்கிறீர்கள்.