எழுதிய பொருளும் எழுதாத பொருளும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன், மலர்க்குழு உறுப்பினன்)

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய மூன்று வாரங்களுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்து சேர்ந்தன. மலர்க்குழுவின் மாணவ உறுப்பினர்களுள் ஒருவன் என்ற முறையில், அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. தமிழ்த்துறையின் நீண்ட மேசைமேல் அடுக்கத் தொடங்கினேன். பத்துப் பன்னிரண்டு அடுக்குகளேனும் தேவைப்படும் என எண்ணியிருந்தேன். மாலை மணி அடித்தபோது மேசைமேல் இருந்தவை இரண்டே அடுக்குகள்.

முதல் அடுக்கு தொழில்நுட்பம். செயற்கை நுண்ணறிவு வரமா சாபமா, கைப்பேசி நண்பனா பகைவனா, சமூக ஊடகங்களால் விளைவது நன்மையா தீமையா, விண்வெளியில் வெற்றிநடை போடும் இந்தியா. இரண்டாம் அடுக்கு இலக்கியம். வள்ளுவர் கண்ட நட்பு, வள்ளுவர் கண்ட அரசு, வள்ளுவர் கண்ட மருத்துவம், சிலம்பு காட்டும் பெண்மை, பாரதி கண்ட புதுமைப்பெண். (நம் கல்லூரியில் எழுதப்பட்டவற்றை மட்டுமே வள்ளுவர் கண்டிருந்தாலும், 1330 குறள் எழுத அவருக்குப் பொழுது எங்கே கிடைத்திருக்கும் என்று எங்கள் குழுத் தோழி ஒருத்தி கேட்டாள்.) முதல் அடுக்கை எழுதியவர்கள் பெரும்பாலும் அறிவியல் துறையினர்; இரண்டாவதை எழுதியவர்கள் தமிழ், வரலாற்றுத் துறையினர். ஒரே சிற்றுண்டிச் சாலையில் தேநீர் அருந்தும் நாம், ஒருவர் அடுக்கில் மற்றவர் கைவைப்பதே இல்லை.

இரண்டுக்கும் பாலம் போட முயன்ற கட்டுரைகள் இரண்டொன்று உண்டு. ஆனால் அந்தப் பாலத்தின்மீது நடக்க எனக்கு அச்சமாயிருந்தது. குறளின் பெருமையைச் சொல்லவந்த ஔவையார் பாட்டில் அணு உவமையாக வருகிறது. ஆகவே அணுக்கருவியல் தமிழர் கண்டதே என்கிறது ஒரு கட்டுரை. அணுவுக்குள் கரு ஒன்று உண்டு என்னும் முடிவுக்கு ரதர்ஃபோர்டு 1911-இல் வந்தது எப்படி? மெல்லிய பொன் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது மிகச் சில துகள்கள் வந்த வழியே திரும்பின. ஏன் திரும்பின என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். உவமை வேறு, சோதனை வேறு. ஒன்றை மற்றொன்று என்று சொல்வதால் ரதர்ஃபோர்டுக்கும் பெருமை இல்லை, ஔவைக்கும் இல்லை. நல்ல உவமையை உவமையாகவே படிக்கும் இன்பம்தான் நமக்கு நட்டம்.

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு உண்டா என்றால், இல்லை. முதலாம் ஆண்டில் நான் எழுதியது ‘நிலவைத் தொட்ட இந்தியா’. 1975-இல் ஆரியபட்டா, 1980-இல் எஸ்.எல்.வி.-3, 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 தரையிறங்கியது என்று ஆண்டுகளை வரிசையாக அடுக்கி, கைப்பேசியில் கண்டதைக் கையால் பெயர்த்தெழுதிக் கொடுத்தேன். மலரில் வெளிவந்தது, வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தனர். அந்நாள்வரை நான் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இன்று நினைத்தால் இந்த இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது.

அந்தக் கட்டுரையின் முதல் பத்தியோடு மலரை மூடிவைத்தவர் என் பெரியப்பா ஒருவர்தாம். அவர் நம் ஊர் அச்சகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சுக் கோத்தவர். 1980களில் நம் கல்லூரி மலர் அந்த அச்சகத்தில்தான் அச்சாயிற்று. இந்தக் கல்லூரியின் வாசற்படி மிதிக்காமலே இதன் மாணவர்கள் எழுதியவற்றையெல்லாம் எழுத்தெண்ணிப் படித்தவர் என்று அவரைச் சொல்லலாம். இவ்வாண்டு இரண்டு அடுக்குகளின் கதையை அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

“அப்பவும் ரெண்டு அடுக்குதான் தம்பி. அணுசக்தி ஆக்கமா அழிவா, கம்ப்யூட்டர் வரமா சாபமா. அந்தப் பக்கம் வள்ளுவர் கண்ட அது, வள்ளுவர் கண்ட இது. பாதிக் கட்டுரைக்கு நான் தாளைப் பார்க்கவே வேணாம். கை தானா கேஸுக்குப் போகும்.”

கேஸ் என்பது எழுத்துகள் போட்டுவைக்கும் சிறுசிறு அறைகள் கொண்ட மரத்தட்டு. அச்சு முடிந்ததும் கோத்த எழுத்துகளைப் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட்டுவிட வேண்டும். அடுத்த வேலைக்கு எழுத்து வேண்டுமல்லவா? ஆனால் ‘என்பதில் ஐயமில்லை’, ‘என்றால் அது மிகையாகாது’, ‘என்பது வெள்ளிடை மலை’ ஆகிய மூன்றை மட்டும் அவர் பிரிப்பதில்லையாம். நூலால் கட்டி ஓரமாக வைத்திருப்பாராம். நம் மலருக்குப் பக்கத்துக்கு ஒரு முறையாவது தேவைப்படும். எடுத்துச் செருகினால் வேலை முடிந்தது.

கேட்டுச் சிரித்தேன். இரவு படுத்தபின் சிரிப்பு வரவில்லை. கட்டுரை எழுதித் தரும் மென்பொருள் செய்வதும் ஏறத்தாழ இதுதானே? ஏராளமான எழுத்தை அதற்குக் கொடுத்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். இவ்வாண்டு வந்த ‘வரமா சாபமா’ கட்டுரைகளுள் மூன்று, பத்திக்குப் பத்தி ஒன்றுபோலவே இருந்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார் என்று சொல்வதற்கில்லை. மூவரும் மூன்று துறையினர், முகமறியாதவர். ஒரே கேள்வியை ஒரே இயந்திரத்திடம் கேட்டிருக்கிறார்கள். பேராசிரியர்கள் சினந்தார்கள். எனக்குச் சினம் வரவில்லை. கணினி இல்லாத காலத்திலேயே ஒரு மனிதரின் கை தாளைப் பார்க்காமல் கோத்துவிடக்கூடிய பொருளைத் தலைப்பாகக் கொடுத்துக்கொண்டிருப்பது நாம்தாமே? அத்தகைய பொருளை இயந்திரம் நம்மைவிட விரைவாக எழுதும். பிழையும் குறைவாக இருக்கும்.

அப்படியானால் பெரிய பொருளைப் பற்றி மாணவர் எழுதவே கூடாதா? தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டார். நடைபழகும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ளச் சுவர் வேண்டும் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. வள்ளுவர் கண்ட நட்பை எழுதப் புகுந்தவன் பத்துக் குறளையாவது உரையோடு படித்திருப்பான். அது சிறிய ஊதியம் அன்று. எனக்குள்ள குறை வேறு. சிலம்பைப் பற்றி எழுதுகிறோம். சிலம்பு என்னும் நூல் நம் கைக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பதில்லை. கேட்டால், மேசைமேல் உள்ள இரண்டு அடுக்குகளும் ஒன்றாகிவிடும் என்பது என் எண்ணம்.

நாம் இன்று படிக்கும் சிலப்பதிகாரம், உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டு 1892-இல் வெளியிட்ட பதிப்பின் வழிவந்தது. ஓலை ஏட்டை நேரில் பார்த்தவர்களுக்கு அவர் பட்ட பாடு ஒருவாறு விளங்கும். எழுத்தாணியால் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஓலை பொத்துப் போகும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்றுள்ள வடிவ வேறுபாடு பழைய ஏடுகளில் இல்லை. அதைப் புகுத்தியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இம்மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏட்டில் கிடக்கும் ஒரே எழுத்துவரிசையைக் ‘கொல்’ என்றும் படிக்கலாம், ‘கோல்’ என்றும் படிக்கலாம், ‘கொல’ என்றும் ‘கோல’ என்றும் படிக்கலாம். கொலையும் செங்கோலும் அந்தக் காப்பியத்தில் எத்தகைய சொற்கள் என்பது மதுரைக் காண்டம் படித்தவர்களுக்குத் தெரியும். யாப்பையும் பொருளையும் பிற ஏடுகளையும் துணைக்கொண்டு, சொல்லுக்குச் சொல் தீர்ப்புச் சொல்லிச் சென்றிருக்கிறார் அந்தப் பெரியவர். இது இலக்கியமா, தொழில்நுட்பமா? ஒரே குறியீடு பல பொருள் தந்தால் கணினி என்ன செய்யும் என்று கணினித்துறை நண்பர்கள் பாடமாகப் படிப்பது இதற்கு எவ்வளவு தொலைவு?

இதை எழுத எத்தனை பேர் வேண்டும்! ஏட்டைப் பற்றித் தமிழ் மாணவர் எழுதட்டும். அச்சைப் பற்றி வரலாற்று மாணவர் எழுதட்டும். தமிழ் எழுத்தில் முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. என் துறையினருக்கும் வேலை இருக்கிறது. அச்செழுத்து காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்த உலோகத்தால் ஆனது. காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். ஆன்டிமனியை உருக்க 630 டிகிரிக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டையும் தக்க அளவில் கலந்தாலோ, காரீயத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. வெறுங் காரீயம் உறையும்போது சுருங்கும். எழுத்தின் முனை மழுங்கிப் போகும். ஆன்டிமனி சேர்ந்தால் அந்தச் சுருக்கம் குறைந்து, எழுத்து கூர்மையாகவும் கெட்டியாகவும் வார்ப்படமாகிறது. திண்மப்பொருள் இயற்பியலில் இதற்கு வரைபடம் போட்டு நான் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த வரைபடத்துக்கும் பெரியப்பாவின் கறுத்த விரல்களுக்கும் தொடர்பு உண்டென்று மூன்றாம் ஆண்டுவரை எனக்குத் தெரியாது.

1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் இத்தகையதே. பெரியார் 1930களிலேயே தம் இதழ்களில் கையாண்ட முறைப்படி, ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் நீங்கின. இதைப் பற்றிக் கட்டுரை எழுதினால் பகுத்தறிவு என்று தொடங்கிப் பகுத்தறிவு என்று முடிப்போம். கேஸில் எத்தனை அறை மிச்சமாயிற்று என்று கேட்க மாட்டோம்.

நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய மலர்களில் நினைவில் நிற்கும் கட்டுரை ஏதேனும் உண்டா என்று பெரியப்பாவைக் கேட்டேன். சற்றும் தயங்காமல், “ஏத்தம் பத்தி ஒரு பையன் எழுதினான். அதுக்கு மட்டும் ‘ற்’ தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பிரஸ்ஸுல கடன் வாங்கினோம்” என்றார். நூலகத்தில் பழைய மலர்களைப் புரட்டித் தேடினேன், கிடைத்தது. இரண்டு பக்கம்தான். எழுதியவர் பொருளியல் மாணவர். தம் ஊர்க் கிணற்றில் பாட்டனார் ஏற்றம் இறைத்ததையும், ஒருவர் மேலே மரத்தில் நடக்க மற்றவர் சால் பிடித்ததையும், எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்குத் தவறாமலிருக்கப் பாடிய பாட்டையும் எழுதியிருக்கிறார். மின்சார மோட்டார் வந்தது. சால் எண்ண வேண்டிய தேவை போயிற்று, பாட்டும் போயிற்று. பாட்டனார் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து மின்சாரத்துக்காகக் காத்திருக்கும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார் என்ற இடத்தில் கட்டுரை நின்றுவிடுகிறது. மோட்டார் வரமா சாபமா என்று அவர் கேட்கவில்லை. மோட்டார் வந்தபின் பாட்டனாரின் முதுகுவலி தீர்ந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நா. வானமாமலை போன்றோர் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த பாடல்களுள் அந்தப் பாட்டு இருக்கிறதோ இல்லையோ, நம் மலரில் நான்கு வரி இருக்கிறது. தொழில்நுட்பமும் இலக்கியமும் ஒரே கிணற்றடியில் நிற்பதை நம் மலர்களில் நான் கண்டது அங்கே மட்டும்தான்.

ஆகவே மலர்க்குழுவின்முன் ஒரு வேண்டுகோளை வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு அறிவிப்பில் தலைப்புகள் வேண்டா. ‘உங்கள் வீட்டில், தெருவில் ஒரு கருவி வந்ததால் எந்தச் சொல் வந்தது, எந்தச் சொல் போனது?’ என்ற ஒரே கேள்வியை ஒட்டலாம். தறி, தட்டச்சுப்பொறி, ஆட்டுக்கல், தந்தி, எதுவாயினும் சரி. தட்டச்சு வகுப்பு நடத்தியவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் மட்டும் உயிரோடிருக்கும் சொற்கள் எத்தனையோ. குழுவில் இருவர் ஒப்பினர். ஒருவர், கட்டுரைகள் குறைந்துவிடும் என்றார். குறையும். பத்து வந்தால் போதும் என்பது என் கட்சி.

அச்சகம் கணினிக்கு மாறியபோது எழுத்துகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். பெரியப்பா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மட்டும் எடுத்துவந்து பரண்மேல் வைத்திருந்தார். அதில் 1978-க்கு முந்திய யானைத் துதிக்கை ‘னை’ நான்கு இருக்கின்றன. நூல் அவிழாமல் ஒரு ‘என்பதில் ஐயமில்லை’யும் இருக்கிறது. அந்த டப்பாவைக் கேட்டு வாங்கி, துறைத்தலைவர் இசைவுடன் எங்கள் ஆய்வகத்தில் நிறமாலைமானி மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தமிழ்த்துறை நண்பர்கள் எந்த மாலையிலும் வந்து பார்க்கலாம். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கும். படிக்கச் சற்றுப் பழக வேண்டும். தொட்டபின் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், காரீயம்.