பத்து வரை எண்ணினா போதுமா?

நான் சாந்தன்பாறைக்காரன், படிச்சது பி.காம்., பிழைப்பு தூரதேசத்து வங்கியில். நம்ம பசங்க புரோகிராம் பழகும்போது, லூப் போட்டு ஒன்றிலிருந்து பத்து வரை அச்சடிச்சதோட நிறுத்திடறாங்க. அது போதாதுங்க. தப்பா தட்டினா, சரியா தட்டும்வரை திரும்பக் கேட்கிற லூப்தான் முக்கியம்.

2024 ஏப்ரலில் சிட்டிகுரூப், 280 டாலருக்குப் பதிலா 81 டிரில்லியன் டாலரை ஒரு கணக்கில் வரவு வைத்தது! தொகைக் கட்டத்தில் முன்கூட்டியே இருந்த 15 பூஜ்யங்களை அழிக்கவில்லை. இருவர் கண்ணுக்குத் தப்பி, ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றாமவர்தான் பிடித்தார். மனுஷக் கண் அசரும், லூப் அசராது.

ஒரு ஆள் எத்தனை கிலோ ஏலக்காய் எடுத்தார்னு கேட்கும் புரோகிராமை உங்க பிள்ளையை எழுதச் சொல்லுங்க. நீங்க -5 தட்டுங்க, 'அஞ்சு'ன்னு எழுத்துல தட்டுங்க, 5000 தட்டுங்க. மூணையும் திருப்பி அனுப்பினா பாஸ்! என்ன சொல்றீங்க?